இடது மூலைப் பாட்டில்

கைகள் முதலில் மின்விசிறியை நிறுத்தின. அடுத்து ஜன்னல் கதவுகளைச் சாத்தின. எனாமல் தட்டில் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரம் வரை தடவிவிட்டன. நீலக் கையுறைக்குள் இருந்த அந்தக் கைகள் அவசரப்படவில்லை. ஈரத்தாளின் நடுவே ஒரு முகப்பவுடர் டப்பாவை வைத்தன. ரோஜாப்பூப் படம் பாதி தேய்ந்துபோன டப்பா. மூடியில் ஏழு ஓட்டைகள், ஏழின் மேலும் பிளாஸ்திரி. பக்கத்தில் அகல வாய்ப் பாட்டில் ஒன்று, கால்வாசிக்கு மேல் காலி.

ஈரத்துணி டப்பாவை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தது. துடைத்த பக்கத்தை உள்ளே மடித்து, மறுபக்கத்தால் அடுத்த இழுப்பு. ஒரு தடவை துடைத்த இடத்தில் துணியின் அதே பக்கத்தைத் திரும்ப வைக்கவில்லை. நான்கு மடிப்பும் தீர்ந்ததும் துணியை அலசாமல் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை முடிந்தன. அலசியிருந்தால் அது சாக்கடைக்குப் போகும், சாக்கடையிலிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு தராசு. பாட்டிலில் முந்நூற்று நாற்பது கிராம். டப்பாவில் இருபது. கைகள் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு மணிக்கட்டுக்கு மேல்வரை கழுவி, துடைத்து, பேனாவை எடுத்தன. ஐந்நூறில் முந்நூற்று அறுபது போனால் நூற்று நாற்பது. அந்த எண்ணின் கீழே கைகள் இரண்டு கோடு போட்டன.

சாரதாவுக்கு வயது ஐம்பத்தைந்து. கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஸ்டோர், இருபத்திரண்டு வருடமாக அவள் பொறுப்பு. தரை கூட்டவும் பாட்டில் கழுவவும்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவள் படித்தது பத்தாவது. பாட்டில்களின் மேல் இருந்த சின்ன எழுத்து ஆங்கிலத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் புரட்டி, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிக்கொண்டாள். எது எதனோடு சேரக்கூடாது, எதை ஈரத்தில் வைக்கக்கூடாது, எது மூச்சில் போனால் என்ன செய்யும். இப்போது அந்த நோட்டுகள் ஐந்து. புதிதாக வரும் லெக்சரர்கள் அவளைக் கேட்காமல் பீரோவைத் திறப்பதில்லை.

ஸ்டோரில் அவள் வைத்ததுதான் சட்டம். தூளை ஊதாதே. சிந்தினால் விளக்குமாறு எடுக்காதே, ஈரத்துணி எடு. மூக்குப் பக்கம் கொண்டுபோகாதே. டிபன் டப்பாவை உள்ளே கொண்டுவராதே. ஆசிட் பாட்டில் பக்கத்தில் கார்பனேட் பாட்டில் நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பெயர் ஒட்டாத பாட்டில் ஸ்டோரில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. வெள்ளைத் தூள் மட்டும் அங்கே முப்பத்தொரு வகை. கண்ணால் பார்த்து எதையும் பிரிக்க முடியாது.

அந்தச் சட்டத்தை அவளே மீறினாள். ஒரு நாள் அல்ல, ஆறு மாதம்.

தெரிந்தது நேற்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மைசூர் மைன்ஸ் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் ராகுலன் வந்தான். நாற்பத்தாறு வயது, எலக்ட்ரீஷியன். அதைவிட ஆண்டர்சன்பேட்டை கேரம் கிளப்பில் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஏப்ரலிலிருந்து அவனுக்கு வலது கை சொன்னபடி கேட்கவில்லை. விரலை மடக்க முடிந்தது, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. கையை நீட்டினால் உள்ளங்கை கீழே பார்த்துத் தொங்கியது.

"டம்ளர்ல குடுக்காதீங்க அண்ணி. சொம்புல குடுங்க. ரெண்டு கையால புடிச்சிக்கிறேன்."

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் கணவன் சித்தார்த்தன் தம்பியைப் பார்த்தான். பெங்களூர் ரயிலில் ஏறும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது ஜனவரியில். இரண்டு ஆபரேஷன் ஆகியும் இன்னும் வேலைக்குப் போகவில்லை.

"போன வருசம் கப்பு, இந்த வருசம் சொம்பா? நல்லா முன்னேறிகினு வர்ற."

"நீ மட்டும் இன்னாவாம்? நாலு கால்ல நடந்துகினு கீற." ராகுலன் அண்ணனின் ஊன்றுகோல்களைக் காலால் தட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்று சாரதா கேட்டாள்.

"நரம்புதான்றாங்க. வவுத்து வலியும் ரத்தம் கம்மியா கீறதும் எதனாலன்னு தெர்லயாம். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. பேட்டரி வேல செய்றியா, பெயின்ட் அடிக்கிறியா, நாட்டு மருந்து சாப்பிடறியா. எதுவும் இல்ல மேடம்னேன். அப்ப குடிப்பியான்னாங்க. எப்பனா குடிப்பேன்னேன். அத்த எழுதிக்கினாங்க."

பேட்டரி. பெயின்ட். சாரதாவின் கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது. இரண்டுக்கும் பொதுவான ஒரு பெயர் அவளுடைய மூன்றாவது நோட்டில் இருந்தது.

"கிளப்புல இன்னும் நீதான் பலகை தொடைக்கிறியா?"

"ஆமா. ஆட முடியலன்னா தொடைக்கவாச்சும் விடுங்கடான்னு நானே கேட்டு வாங்கிகினேன். ஆனா இந்த வருசம் பவுடரே சரியில்ல அண்ணி. வெயிட்டா கீது. ஸ்ட்ரைக்கர் இஸ்துகினே போவுது. இந்தப் பசங்க நம்பமாட்டேன்றானுங்க. கை தெரியாதவனுக்குப் பவுடர் கோணலாம்."

"எந்தப் பவுடரு?"

"உங்க பவுடர்தான். பொங்கல் டோர்னமென்ட்டுக்கு சகாயண்ணன் எட்னு வந்தாரே."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். சுரங்கம் ஓடிய காலத்தில் அசே ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. பாறைத் தூளை ஈயத்தோடு சேர்த்து உருக்கி, அதில் தங்கம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் இடம். அங்கே போரிக் பவுடர் மூட்டையாக வரும். கேரம் பலகைக்கு அதைவிட நல்ல பவுடர் கிடையாது. கிளப்புக்கென்று ஒரு பாட்டிலை நிரப்பி, கீழ்த்தட்டின் இடது மூலையில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் ஒட்டுவதில்லை. இடது மூலையில் இருந்தால் அது கிளப்புப் பாட்டில். பொங்கலுக்கு முன்னால் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த வழக்கம் அப்படியே கல்லூரி ஸ்டோருக்கு வந்தது. சாரதா வருடா வருடம் போரிக் பவுடரை நிரப்பிக் கீழ்த்தட்டின் இடது மூலையில் வைத்தாள். பெயரும் ஒட்டினாள். ஆனால் எடுக்க வருகிறவர்கள் பெயரைப் படித்ததில்லை. இடத்தைத்தான் பார்த்தார்கள்.

ஜனவரி ஆறாம் தேதி லெட் கார்பனேட் பாட்டிலின் லேபிள் ஆசிட் ஆவியில் அரித்து உதிர்ந்துவிட்டது. ஈயத்தின் உப்பு அது, மாவு போன்ற வெள்ளை, கையில் எடுத்தால் மட்டும் கனம். புது லேபிள் எழுதப் பசை இல்லை. துண்டுச்சீட்டில் பெயரை எழுதி நூலால் கழுத்தில் கட்டினாள். விஷச் சரக்குகள் வைக்கும் பீரோவின் பூட்டு பழுது பார்க்கப் போயிருந்தது. நாளைக்குப் பூட்டு வந்துவிடும், அதுவரை கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும் என்று காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். காலியாக இருந்தது இடது மூலை. போரிக் பாட்டிலை அவள் அந்த வருடம் இன்னும் நிரப்பவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, சித்தார்த்தன் ரயிலடியில் விழுந்துவிட்டான் என்று.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது பீரோவின் பூட்டு பழுது பார்த்து வந்திருந்தது. பூட்டு இல்லாததால் வெளியே வைத்திருந்த பாட்டில்களை லெக்சரர் ஒருவர் உள்ளே எடுத்து வைத்திருந்தார். அன்றைக்குச் சரக்குப் பதிவேட்டைச் சரிபார்க்கும் நாள். ஒவ்வொரு பாட்டிலையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் அவள் டிக் போடுவாள். அன்று மட்டும் பீரோவைத் திறந்து, நிறைந்திருப்பதைப் பார்த்து, வரிசையாக டிக் போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. கிளப்பிலிருந்து அந்த வருடம் ஏன் பவுடர் கேட்டு வரவில்லை என்றும் அவள் யோசிக்கவில்லை.

இன்று காலையில் லீவ் சொல்லிவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தாள். கிளப் என்பது ஓடு போட்ட இரண்டு அறை, நான்கு கேரம் பலகை. செயலாளர் சகாயம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது, அசே ஆபீஸில் சாம்பிள் தூக்கியவர். உள்ளே இரண்டு பேர் காலையிலேயே ஆட்டத்தில் இருந்தார்கள். சாரதா நேராகப் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"சாரதாம்மா! இன்னா ரெய்டு மாதிரி வந்துகீறீங்க? வாங்க, ஒக்காருங்க."

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க அண்ணா. எல்லாரும் கைய சோப்புப் போட்டுக் கழுவணும். யாரும் பலகையத் தட்டக்கூடாது, ஊதக்கூடாது."

"செகப்பு இன்னும் உழல மேடம். ஒரே ஷாட்டு," என்றான் ஆடிக்கொண்டிருந்தவன்.

"உழவேணாம். எழுந்திரு."

அவள் குரலைக் கேட்டு அவன் எழுந்துவிட்டான். முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் நான்கு பலகைகளையும் ஈரத்துணியால் துடைத்தாள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டினாள். தரையையும், பீடி வைக்கும் மேசையையும், கதவின் கைப்பிடியையும் துடைத்தாள். அலமாரியில் டப்பா இருந்தது. அதன் பின்னால் அந்தப் பாட்டில். கழுத்தில் நூல் மட்டும் இருந்தது, சீட்டு இல்லை.

"யாருண்ணா எடுத்தது?"

"நான்தான். நீங்க ஆஸ்பத்திரில கீறீங்கன்னாங்க. சொம்மா உங்கள தொந்தரவு பண்ணுவானேன்னு நானே கேட்டு உள்ள போய் எட்னு வந்தேன். இடது மூலைல கீறது கிளப்பு பாட்டிலு. அசே ஆபீஸ்லருந்து அப்டித்தானே?"

"சீட்டு ஒண்ணு கட்டியிருந்தேனே."

"இருந்துச்சி. ஏதோ தேதி எழுதிகீறீங்கன்னு நெனச்சேன். டப்பாவுல கொட்டும்போது இடிச்சிகினு இருந்துச்சி, பிச்சிப் போட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "இன்னாம்மா அது?"

சொன்னாள். அசே ஆபீஸில் முப்பது வருடம் ஈயத்தோடு வேலை செய்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"ராகுலன் கை..."

"தினம் உள்ளங்கையால பலகையத் தொடைச்சிருக்கான். அதே கையால பீடி பிடிச்சிருக்கான். மத்தவங்களைவிட அவனுக்கு அதிகம் போயிருக்கும்."

சகாயம் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சாரதாம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. பாட்டில எங்கிட்ட குடுங்க. பழைய ஷாஃப்ட்டு எத்தினி கீது. ஒண்ணுல போட்டுட்டு வந்துடறேன். டாக்டர்கிட்ட நான் பேசறேன், அவன் கிளப்புல பெயின்ட் அடிச்சான்னு சொல்றேன். மருந்து ஒண்ணுதானே? உங்க வேலைக்கு இன்னும் அஞ்சு வருசம் கீது. சித்தார்த்தன் இப்பிடி படுத்துகினு கீறான். விஷத்த வெளிய வுட்டவன்னு உங்கள ஒரு நாளும் வெச்சிருக்கமாட்டாங்க."

அவள் யோசித்தாள் என்பதுதான் உண்மை. டப்பாவின் ஓட்டைகளின் மேல் பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக ஒட்டும் நேரம் முழுக்க யோசித்தாள். பெயின்ட் என்று சொன்னால் டாக்டர் ராகுலனுக்கு மட்டும் மருந்து கொடுப்பார். இங்கே சாயங்காலம் ஆடுகிற மற்றவர்களின் ரத்தத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். பாட்டிலை ஷாஃப்ட்டில், அந்தச் சுரங்கக் கிணற்றில் போட்டால், அங்கே தண்ணீர் இருக்கிறது.

"எத்தினி பேர் தெனம் ஆடறாங்க அண்ணா?"

"ராகுலனோட ஒம்பது. நான் பத்து."

"பேர் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தன் பெயரைக் கடைசியில் சொன்னார்.

ஸ்டோருக்கு வந்து முதலில் சோதித்துப் பார்த்தாள். சந்தேகம் இல்லை, ஆனால் சோதிக்காமல் எழுத முடியாது. கண்ணாடித் தட்டில் நுனி அளவு தூள். நீர்த்த நைட்ரிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்துக் கரைந்தது. பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு. தட்டு முழுக்க மஞ்சள் பரவியது. பிள்ளைகள் பிராக்டிகலில் இந்த நிறம் வந்ததும் கைதட்டுவார்கள், தங்கம் தங்கம் என்பார்கள். சாரதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதன் பிறகுதான் கதவைச் சாத்தி, தட்டில் ஈரத்தாள் போட்டு, துடைத்து, எடை பார்த்தது. ஒரு கிராம் தூளைத் திருகு மூடிச் சீசாவில் எடுத்து, அதை ஒரு பைக்குள், அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து ஒட்டினாள். மீதிப் பாட்டிலுக்குப் புது லேபிள் எழுதி, பசை தடவி, நான்கு ஓரமும் அழுத்தி, விஷ பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினாள். டப்பாவையும் துணிகளையும் தனியாகக் கட்டி, பெயர் எழுதி, அதே பீரோவில் வைத்தாள்.

தாளில் எழுதுவதற்குத்தான் நேரம் பிடித்தது. பொருள் என்ன, எத்தனை கிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த அறை, எப்படித் தூவினார்கள், பத்துப் பேரின் பெயர், வயது. இவையெல்லாம் சுலபமாக வந்தன. எப்படி வெளியே போனது என்ற இடத்தில் பேனா நின்றது. 'லேபிள் உதிர்ந்துவிட்டதால்' என்று தொடங்கினாள். அடித்தாள். 'தவறுதலாக எடுத்துச் செல்லப்பட்டது' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். அடித்தல் உள்ள தாளை யாரிடமும் கொடுக்க அவளுக்குப் பிடிக்காது. புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினாள்: 'லேபிள் ஒட்டாமல் கிளப்புப் பாட்டில் வைக்கும் இடத்தில் நான் வைத்தேன். பதிவேட்டில் பார்க்காமல் டிக் போட்டேன். சாரதா, ஸ்டோர் பொறுப்பு.'

அதையே இன்னொரு தாளில் எழுதி, பிரின்சிபால் மேசையின் மேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். பியூன் "இன்னா மேடம், லீவ் லெட்டரா?" என்றான். "அப்பிடித்தான் வெச்சிக்கோ," என்றாள்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ராகுலன் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சகாயம் சொல்லிவிட்டிருந்தார். பீடியைக் காதில் செருகியிருந்தான், பற்ற வைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்டா வெச்சேன் அங்க," என்றாள்.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். அது தொங்கியது. "பவுடர் வெயிட்டா கீதுன்னு நான் சொன்னப்ப ஒருத்தனும் நம்பல அண்ணி," என்றான். சாரதா, அவன் தன்னைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். காதிலிருந்த பீடியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். போட்ட விரலைச் சட்டையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டு, குழாயடிக்கு எழுந்து போனான்.

டாக்டர் ஷில்பா கோலாரில் பிறந்து வளர்ந்தவர், கன்னடக்காரர். தமிழ் இங்கே வந்து கற்றுக்கொண்டது. தாளை நின்றபடியே படிக்கத் தொடங்கி, பாதியில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏனம்மா, ரெண்டு மாசமா இதைத்தானே தேடிட்டிருந்தேன். எல்லாம் கேட்டேன், கேரம் ஆடுவியான்னு கேக்கலையே நான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்துப் பேருக்கும் நாளைக்கே ரத்தம் எடுக்கணும். பெங்களூருக்கு அனுப்பணும்."

"கை சரியாயிடுமா மேடம்?"

"உள்ளே இருக்கறதை மருந்து கொடுத்து வெளியே எடுக்கலாம். கை எவ்வளவு திரும்பி வரும்னு இப்போ சொல்ல முடியாது. மாசக்கணக்கு ஆகும். பூரா வராமலும் போகலாம்." பிறகு தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இதைக் கேஸ் ஷீட்டோட சேர்த்துடுவேன். உங்க பேரும் அதிலே போகும். தெரியும்தானே?"

"தெரியும் மேடம். பிரின்சிபாலுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்."

டாக்டர் மாதிரிப் பைக்காகக் கையை நீட்டினார். சாரதா உடனே கொடுக்கவில்லை. ஒட்டிய ஓரத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள், எங்கும் பிரியவில்லை. லேபிள் டாக்டரின் பக்கம் தெரியும்படி பையைத் திருப்பினாள்.

"உள் பையைத் திறக்காம அப்படியே அனுப்புங்க மேடம். வாங்கினதும் கை கழுவிடுங்க."

இரண்டு கைகளாலும் நீட்டினாள். டாக்டர் பெயரைப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.